அளக்காததும் பூஜ்யமும்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால், புதுச்சேரியில் எங்கள் நிறுவனத்துப் பிள்ளைகள் ஒரு புது நிரல் மொழிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தீபக் என்ற பையன் ஒருநாள் என் மேஜைக்கு வந்து அலுத்துக்கொண்டான்.

"மேடம், அட்டவணைல இந்தப் பத்தியில சில கட்டம் காலியா இருக்கலாம்னு ஒரே ஒரு இடத்துல சொன்னேன். இப்போ அதைத் தொடுற எல்லா இடத்துலயும் 'காலியா இருந்தா என்ன பண்ணுவ'ன்னு கம்பைலர் கேக்குது. பேஜாரா இருக்கு."

"கேக்கட்டும். இதே கேள்வியை எங்கிட்ட விழுப்புரத்துல ஒரு மிஷின் கேட்டிருக்கு," என்றேன்.

எண்பதுகளில், விழுப்புரத்தில், இப்படி ஒரு மொழியா என்று பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோட்டக்குப்பம். அப்பாவை அத்தா என்போம்; அவர் குவைத்தில் இருந்தார். கணிதத்தில் பட்டம் வாங்கி, சில வருஷம் வீட்டோடு இருந்து, மெட்ராஸில் சில மாதம் பேசிக் என்ற கணினி மொழி படித்துவிட்டு வந்தபோது, "பொம்பளப் புள்ள விழுப்புரம் வரைக்கும் தினமும் பஸ்ல போய்க்கினு வரணுமா?" என்று உறவில் கேட்டார்கள். குவைத்திலிருந்து அத்தா, "போவட்டும்" என்று ஒரு வரி எழுதினார். அதோடு பேச்சு நின்றது.

வேலை, கிராமங்களுக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில். தலைமை அலுவலகம், நீர் சோதனைக்கூடம், ஜீப் எல்லாம் திண்டிவனத்தில். கம்ப்யூட்டர் மட்டும் விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு மாடியில். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவருடைய சொந்தக் கட்டடம் அது. கம்ப்யூட்டர் இருந்த அறையில் குளிர்சாதனம் உண்டு. கரண்ட் இருந்தால் ஓடும்.

எங்கள் நடைமுறை இதுதான். கள ஆள் ஊர் ஊராகப் போய்க் கிணற்றின் ஆழம், நீர்மட்டம், ஊற்று எப்படி என்று எழுதுவார். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவார். திண்டிவனத்தில் மீட்டர் வைத்து உப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். எல்லாம் ஒரு தாளில் ஏறி பஸ்ஸில் விழுப்புரத்துக்கு வரும். நான் தட்டச்சு செய்வேன். ஒரு வரிக்கு ஒரு கிணறு, ஒரு பத்திக்கு ஒரு விவரம்.

எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த பேசிக் நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாமே எண். ஆழமும் எண், உப்பும் எண். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. தாளில் ஒன்றும் எழுதியிராவிட்டால் பூஜ்யம் போட வேண்டும் என்பது விதி. திரைக்குப் பக்கத்தில் அதை ஒட்டியே வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில் மரகதம் மேடம் வந்து சேர்ந்தார். கண்டமங்கலம் பக்கம் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் வீட்டுப் பெண். பிரிட்டனில் கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்பா வாதம் வந்து படுத்துவிட்டதால் ஊர் திரும்பியவர். எங்கள் டைரக்டர் கோதண்டராமன் சார் அவர் வீட்டுக்கே போய், கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அழைத்து வந்தார். மேடம் என்னைவிடச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை ஜெய்னபக்கா என்பார். கடைசிவரை இரண்டுமே மாறவில்லை.

அவருடைய பழக்கவழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் காலை மடித்து உட்காருவார். நான் கீபோர்டில் இருக்கும்போது அவர் கை அதில் படாது. எழுத வேண்டியதைச் சாக்பீஸால் பச்சை பெயின்ட் அடித்த பீரோக் கதவில் எழுதுவார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நிரல் நின்றுவிட்டால், திரையில் வந்த வாசகத்தைச் செய்தி வாசிப்பதுபோல நிதானமாக முழுக்கப் படிப்பார். பிறகு, "மிஷினுக்குப் புரியல. எனக்கும் புரியல. உங்களுக்குப் புரியுதாக்கா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலும்போதே எனக்குப் பாதி விளங்கிவிடும்.

வந்த புதிதில் அவர் செய்த வேலை, எங்கள் மிஷினில் ஓடக்கூடிய ஒரு சின்ன மொழியைப் பாஸ்கல் என்ற இன்னொரு கணினி மொழியில் எழுதியது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. நம்ம மொழி என்போம். பேசிக்கில் பழகிய எனக்கு அது முதலில் வேறு தேசமாக இருந்தது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

"மாத்தாம எப்படி மேடம் கணக்குப் போடுறது?" என்று கேட்டேன்.

"அட்டவணை உள்ள போகும். வேற ஒரு அட்டவணை வெளிய வரும். உள்ள போனது போனபடியே இருக்கும். வடிகட்டுறதும் அப்படித்தான், வரிசைப்படுத்துறதும் அப்படித்தான். கேப்பையை அரைச்சா மாவு வரும், கேப்பை தீர்ந்துபோயிடும். இங்க மாவும் இருக்கும், கேப்பையும் இருக்கும்."

இன்னொன்று, ஒவ்வொரு பத்திக்கும் அது என்ன வகை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊர் என்பது எழுத்து. ஆழம் என்பது வெறும் எண் இல்லை, அடி. நிரல் ஓடுவதற்கு முன்பே மொழி எல்லா வகைகளையும் பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஓடாது.

இது எனக்கு வீண் கெடுபிடியாகத்தான் பட்டது. ஒருநாள் கிணற்றின் ஆழத்திலிருந்து நீர்மட்டத்தைக் கழித்து, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்கிட ஒரு வரி எழுதினேன். ஓட மாட்டேன் என்றது. மேடம் வாசகத்தைப் படித்தார்: இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் மீட்டர். கள ஆட்கள் ஆழத்தை அடியிலும், சோதனைக்கூடம் கொடுத்த நாடாவால் அளந்த நீர்மட்டத்தை மீட்டரிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய நிரல் அத்தனை நாளும் அடியிலிருந்து மீட்டரைக் கழித்து, கிணறுகளில் இல்லாத தண்ணீரைக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த மொழியோடு நான் சண்டை போடுவதை விட்டேன்.

அடுத்து வந்த கோடை மோசமான கோடை. முந்தைய இரண்டு மழையும் சரியில்லை. திண்டிவனத்திலிருந்து கடற்கரை வரைக்கும் குடத்தோடு பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். துளை போடும் லாரி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தெந்த இடத்தில் துளை போட்டால் குடிக்கிற தண்ணீர் வரும் என்று வரிசைப்படுத்தித் தருவது எங்கள் பொறுப்பு. உப்புக் குறைவாக உள்ள இடம் மேலே, அதிகம் உள்ளது கீழே.

டைரக்டர் திண்டிவனத்திலிருந்து நேரில் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற இன்ஜினியர். உரத்த குரல். ஆனால் கெட்ட மனிதர் இல்லை. ஊர்க்காரர்கள் தினமும் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

நான் நம்ம மொழியில் எழுதினேன்: கிணறுகளை எடு, உப்பின்படி அடுக்கு. ஓடவில்லை.

மேடம் திரையைப் படித்தார். "அடுக்குவதற்கு எண் வேண்டும். உப்பு என்ற பத்தி எண்ணாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

தாளில் காலியாக வந்த கட்டங்களுக்கு, மேடம் வந்த பிறகு நாங்கள் பூஜ்யம் போடவில்லை. பழைய தாள்களையும் எடுத்துத் திரும்பச் சரிபார்த்திருந்தோம். உப்புப் பத்தியின் வகையை, நம்ம மொழியில், 'அளந்தது, இவ்வளவு' அல்லது 'அளக்கவில்லை' என்று எழுதி வைத்திருந்தோம். இப்போது மிஷின் கேட்டது: அளக்காததை மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

"இன்னாம்மா இது, லாரி நின்னுக்கினு இருக்கு," என்றார் டைரக்டர். "பழைய ப்ரோக்ராம் ஜல்தியா குடுத்துடுமே. அதையே ஓட்டுங்க."

அதன் விதிப்படி காலிக் கட்டங்களுக்குப் பூஜ்யம் கொடுத்து, பழைய நிரலையும் ஓட்டினேன். உடனே அச்சாகிவிட்டது. டைரக்டர் தாளைக் கிழித்தெடுத்து மேலிருந்து படித்தார். முதல் ஊர், உப்பு பூஜ்யம். அடுத்த ஊர், உப்பு பூஜ்யம். ஒரு பக்கம் முழுக்கப் பூஜ்யம்.

"பரவால்லையே, இத்தனை நல்ல தண்ணியா?"

"மழைத்தண்ணியைப் புடிச்சு அளந்தாகூட பூஜ்யம் வராது சார்," என்றார் மேடம். "இதெல்லாம் யாரும் அளக்காத கிணறு."

டைரக்டர் தாளை மேஜையில் வைத்தார். அந்தத் தாளை நம்பி லாரியை, உப்புத் தண்ணீர் ஊறும் கடற்கரைப் பக்கம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு, "சரி, அளக்காததையெல்லாம் எடுத்துடுங்க. அளந்ததை மட்டும் அடுக்குங்க," என்றார்.

நியாயமான பேச்சுதான். ஒரே ஒரு வரி வடிகட்டி. அளக்காத வரிகள் வெளியே போயின, மிச்சத்தில் உப்பு வெறும் எண், வகை பொருந்தியது, மிஷின் ஒன்றும் கேட்கவில்லை. அழகான பட்டியல் வந்தது. டைரக்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

உள்ளே போன அட்டவணை போனபடியே இருக்கும் என்று சொன்னேன் இல்லையா. வடிகட்டியில் நின்றுபோனவை எவை என்று பார்க்க எனக்கு ஓர் ஆசை. நிபந்தனையைத் திருப்பிப் போட்டு அதையும் அச்சடித்தேன். அந்தப் பெயர்களையெல்லாம் என் கையால்தான் தட்டியிருந்தேன், வேறு வேறு நாளில், வேறு வேறு தாளிலிருந்து. ஒன்றாகப் பார்த்தது அப்போதுதான். காலனி, காலனி, மேட்டுக் காலனி, புதுக் காலனி. நடுவில் இரண்டு மூன்று வற்றிய கிணறுகள். மற்றதெல்லாம் சேரிப் பக்கத்துக் கிணறுகள்.

"மேடம், இதைப் பாருங்க," என்றேன்.

மேடம் பார்த்தார். எப்போதும்போல உரக்கப் படிக்கவில்லை. தாளை டைரக்டரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே படித்தார். பையிலிருந்த பட்டியலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"இந்தத் தாளெல்லாம் யார் எழுதினது?"

பெரும்பாலும் பலராமன். எங்கள் கள ஆட்களில் மூத்தவர். சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். மழையோ வெயிலோ சைக்கிளில் போய்விட்டு வந்துவிடுவார். அவரைத் திண்டிவனத்திலிருந்து வரச் சொன்னோம். மறுநாள் காலை வந்து, விஷயம் தெரியாமல் சிரித்துக்கொண்டே மாடியேறினார்.

டைரக்டர் அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மேடம் முந்திக்கொண்டார். "அண்ணே, இந்தக் கிணறுங்களுக்கு உப்பு ஏன் காலியா இருக்குன்னு தெரியணும். தெரிஞ்சாதான் கணக்கு ஓடும்."

பலராமன் தாளைப் பார்த்தார். "இது ரெண்டும் வத்திப்போச்சும்மா, பாட்டில்ல புடிக்க ஒண்ணும் இல்ல."

"மத்தது?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊர்க் கெணத்துல எடுத்தா அதுவே போதும்னு நெனச்சேன். ஒரே ஊர்தானே."

"ஆழம் எழுதியிருக்கீங்களே?"

"அது ஊர்லயே விசாரிச்சு எழுதினதும்மா." பிறகு மெதுவாக, "அந்தப் பக்கம் போய்ட்டு வந்தா வீட்ல பேச்சு வருதுங்க. தண்ணி மொண்டு எடுத்துக்கினு வந்தேன்னு தெரிஞ்சா இன்னும் பெரிய பேச்சு. நான் யாரையும் ஒண்ணும் சொன்னதில்லம்மா. போகல, அவ்ளோதான்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது கோபத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

மேடம் எழுந்து பீரோக் கதவில் இருந்ததை அழித்தார். 'அளக்கவில்லை' என்ற ஒரே சொல் இருந்த இடத்தில் இரண்டு எழுதினார். இப்போது உப்பின் வகை மூன்று கிளையாக ஆயிற்று: 'அளந்தது, இவ்வளவு' அல்லது 'வற்றியது' அல்லது 'யாரும் போகவில்லை'.

"ரெண்டும் காலிதான். ஆனா ஒரே காலி இல்ல," என்றார். "வத்தினதுக்கு நாம செய்யக்கூடியது வேற. இதுக்கு வேற. அக்கா, மாத்திட்டு ஓட்டிப் பாருங்க."

வகையை மாற்றியதும் அதுவரை ஓடிய என் நிரலில் பல இடங்கள் நின்றன. வரிசைப்படுத்தும் இடம், சராசரி எடுக்கும் இடம், அச்சடிக்கும் இடம், எல்லாவற்றிலும் மிஷின் அதே கேள்வியைக் கேட்டது: யாரும் போகாத கிணறு வந்தால் என்ன செய்வாய்? ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். எங்கேயும் பூஜ்யம் என்று எழுத முடியாது. சும்மா விடவும் முடியாது. பலராமன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டைரக்டர் கடைசியில் சொன்னார்: "லாரியை ரெண்டு நாள் வேற வேலைக்கு விடுறேன். ஜீப்பை எடுத்துக்கினு போய் அளந்துட்டு வாங்க."

சோதனைக்கூடத்து ஆள், நான், மேடம், வழி காட்ட பலராமன். ஜீப்பில் பிரம்மதேசம் பக்கம் ஆரம்பித்து, கிளியனூர் தாண்டி உள்ளே போகும் ஊர்கள் வரைக்கும் சுற்றினோம். முதல் காலனியில் பலராமன் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் மட்டும் இறங்கிப் போனோம்.

பல கிணறுகள் சுமார். சிலவற்றில் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்படி ஓர் இடத்தில், மீட்டரைப் பார்த்துவிட்டு மேடம் உதட்டைப் பிதுக்கியதை ஒரு பெண் கவனித்துவிட்டாள். இடுப்பில் குழந்தை.

"உப்புன்னு எங்களுக்குத் தெரியாதா? அதை மெஷின் வச்சு பாத்துட்டுப் போறதுக்கா வந்தீங்க? எங்களுக்கு இன்னா வந்துச்சு இதால?"

மேடம், "இங்க துளை போட்டாலும் இதே தண்ணிதாம்மா வரும். வெளியிலேர்ந்து குழாயில கொண்டாரணும்னு எழுதித் தர்றேன்," என்றார். அந்தப் பெண் நம்பவில்லை. நம்பும்படி நாங்களும் ஒன்றும் செய்திருக்கவில்லை. எழுதித்தான் கொடுத்தோம். அங்கே குழாய்த் தண்ணீர் வர வருஷங்கள் ஆயின.

கிளியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் கதை வேறாக இருந்தது. கிணறு சின்னது, மேடான இடம். செல்லியம்மா என்று ஒரு வயதான பெண் வாளியில் மொண்டு தந்தார். சோதனைக்கூடத்து ஆள் மீட்டரை விட்டுப் பார்த்தார். கழுவிவிட்டுத் திரும்ப விட்டுப் பார்த்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் அளந்ததிலேயே குறைந்த உப்பு. குவித்த கையில் ஊற்றச் சொல்லி நான் குடித்தேன். நல்ல தண்ணீர்.

"நல்லாருக்குன்னு எங்களுக்குத் தெரியும். ஊத்துதான் பத்தல," என்றார் செல்லியம்மா. "சர்வே எடுக்கிறவங்க வந்தா, ஊர்ப் பக்கமே பாத்துட்டுப் போயிடுவாங்க."

புதுப் பட்டியலில் அந்தக் காலனி முதலாவதாக வந்தது. அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர்கள் சிலர் திண்டிவனம் அலுவலகத்துக்கு வந்து, துளையைக் கோயில் பக்கம் போடச் சொன்னார்கள். டைரக்டர் அச்சடித்த தாளை எடுத்து முன்னால் வைத்தார். "நான் சொல்லலைங்க. கம்ப்யூட்டர் சொல்லுது," என்றார்.

பக்கத்தில் இருந்த மேடம், "கம்ப்யூட்டர் சொல்லல சார். நாம போய் அளந்தோம்," என்றார், அதே செய்தி வாசிக்கும் குரலில். "கோயில் பக்கத்துத் தண்ணியும் அளந்திருக்கோம். ரெண்டையும் அவங்களே பாத்துக்கட்டும்."

பெரியவர்கள் பார்த்தார்கள். ஒருவர், தண்ணீர் நன்றாக வந்தால் எங்கள் பெண்களும் அங்கேதானே போய் எடுக்க வேண்டும் என்று கேட்டார். டைரக்டர் ஆமாம் என்றார். அதற்குமேல் அவர் இறங்கிவரவில்லை. லாரி காலனிக்குப் போயிற்று. துளையில் தண்ணீர் பீறிட்டபோது நான் அங்கே இல்லை. விழுப்புரத்தில் அடுத்த தாள்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெண்கள் கொஞ்ச நாள் வரவில்லை என்றும், கோடை முற்றியதும் குடத்தோடு வரத் தொடங்கினார்கள் என்றும், வரிசையில் யார் முதலில் என்று தினமும் சண்டை என்றும் கேள்விப்பட்டேன்.

நம்ம மொழி அதிக காலம் இருக்கவில்லை. அப்பா இறந்த பிறகு மேடம் பெங்களூருக்குப் போனார். புதிய மிஷின்கள் வந்தன, எல்லோரையும்போல நானும் சந்தையில் கிடைத்த மென்பொருளுக்கு மாறினேன். அவற்றில் எல்லாம் காலிக் கட்டம் ஒரே வகைக் காலிதான். யாரும் எதையும் கேட்காது. அந்த வேலையை நானே என் தலைக்குள் செய்துகொண்டேன்.

மேடம் போவதற்கு முன்பு ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். கள ஆட்களுக்கான தாளை மாற்றி அச்சடித்தார். உப்பு என்ற கட்டத்துக்குக் கீழே மூன்று சொற்கள்: 'பாட்டில் எடுத்தேன்', 'வற்றியது', 'போகவில்லை'. ஒன்றை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வட்டமில்லாத தாளை நான் வாங்கக் கூடாது.

அடுத்த சுற்றுக்குப் போன பலராமன் தாள்களைத் தானே கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். காலனிகள் எல்லாவற்றிலும் முதல் சொல்லில் வட்டம் இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"முன்னாடி காலியா விட்டுட்டு வந்துடுவேன், ஒண்ணும் தோணாது," என்றார். "இப்போ 'போகல'ன்னு வட்டம் போட்டு, கீழ என் பேரை எழுதணும். ரெண்டு தடவை பேனாவை எடுத்துப் பாத்தேம்மா. கை வரல. அதனால போயிட்டு வந்துட்டேன்."